ஒரே குப்பி, இரண்டு குழந்தைகள்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் தட்டம்மையைப் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைத்தான் எழுப்பின. எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுக்கப்படும் தடுப்பு மருந்து எல்லோரிடமும் ஒரே மாதிரி வேலை செய்யாதது ஏன் என்பதே அது. ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் சற்று நீளமானது; மற்ற பதில்களுக்கும் அதுதான் அடிப்படை.

கேள்வி: எனக்கு இரட்டைக் குழந்தைகள், ஓர் ஆண், ஒரு பெண். ஒன்பது மாதம் முடிந்ததும் இருவருக்கும் ஒரே நாளில், ஒரே குப்பியிலிருந்து எம்.ஆர். ஊசி (தட்டம்மை, ரூபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மை இரண்டுக்குமான தடுப்பூசி) போட்டார்கள். பதினான்காம் மாதத்தில் மகனுக்குத் தட்டம்மை வந்துவிட்டது. அவனோடு ஒரே பாயில் படுத்திருந்த மகளுக்கு வரவில்லை. ஊசி மருந்து கெட்டுப்போயிருந்ததா? மகனுக்குத் தாய்ப்பால் குறைவாகக் கொடுத்ததுதான் காரணம் என்று என் மாமியார் சொல்கிறார். அது உண்மையா? (வாசகி, திருச்சி)

பதில்: முதலில் உங்கள் மனச்சுமையை இறக்கி வையுங்கள், அம்மா. தாய்ப்பால் குறைந்ததால் கையில் போடும் ஊசி வேலை செய்யாமல் போவதில்லை. மருந்து கெட்டுப்போயிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. தட்டம்மைக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தால், ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். அவ்வளவு வேகமாகப் பரவும் நோய் ஒரே பாயில் படுத்த உங்கள் மகளைத் தொடவில்லை என்றால், அவளுக்குள் சென்ற மருந்து உயிரோடுதான் இருந்திருக்க வேண்டும். அதே குப்பியிலிருந்துதான் மகனுக்கும் எடுத்திருக்கிறார்கள்.

‘உயிரோடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். செவிலியர் குப்பியைத் திறந்தபோது அதன் அடியில் வெண்மையான உலர்ந்த கட்டி ஒன்று ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதற்குரிய நீரைச் சேர்த்துக் கரைத்து, நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடித்து, மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். அந்த அரை மில்லிலிட்டரில் வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் பெருகும் திறன் கொண்ட தட்டம்மை வைரஸ் குறைந்தது 1000 அலகாவது இருக்க வேண்டும் என்பது விதி. தொண்டை அடைப்பான், ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்கான ஊசிகளில் உயிருள்ள கிருமி கிடையாது. அவற்றில் ஊசிக் குழாயில் இருப்பதுதான் முழு அளவு. எம்.ஆர். ஊசியில் இருப்பதோ விதைநெல் மட்டுமே. அது எவ்வளவு முளைக்கிறது, எத்தனை நாள் நிற்கிறது என்பதை அது விழுந்த வயல்தான் தீர்மானிக்கிறது. வைரஸ் கொஞ்சமாவது பெருகினால்தான் உடல் அதை அடையாளம் கண்டு, எதிர்ப்பொருளைத் தயாரித்து, ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் நினைவணுக்களை உருவாக்கும். முளைக்கும் முன்பே அழிந்துவிட்டால் நினைவு பதிவதில்லை. அழிக்கவே முடியாமல் போனால் தடுப்பு மருந்தே நோயாகிவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் ஒவ்வொரு மனிதரும் ஒவ்வோர் இடத்தில் நிற்கிறார்.

உங்கள் மகன் முதல் எல்லையில் நின்றிருக்கிறான். அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது தாயின் எதிர்ப்பொருள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்லும் இந்தப் பாதுகாப்பு, பிறந்த பிறகு மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். ஒன்பதாம் மாதத்திலும் ஓரளவு மிச்சம் இருந்தால், ஊசியில் உள்ள வைரஸை அது உடனே பிடித்து அழித்துவிடும். ஆணும் பெண்ணுமாகப் பிறக்கும் இரட்டையருக்கு நஞ்சுக்கொடி தனித்தனி என்பதால், தாயிடமிருந்து கிடைக்கும் பங்கும் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒன்பது மாதத்தில் ஊசி போட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 குழந்தைகளுக்கும், பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு போட்டால் ஏறத்தாழ 95 குழந்தைகளுக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. அப்படியானால் ஒரு வயது வரை காத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தட்டம்மை ஒரு வயதுக்குள்ளேயே வந்துவிடும் நாட்டில் அந்தக் காத்திருப்புக்குக் குழந்தைகளின் உயிரை விலையாகக் கொடுக்க நேரிடும்.

இரண்டாவது காரணம் பிறவியிலேயே அமைவது. வைரஸின் துண்டுகளை நம் செல்கள் எச்.எல்.ஏ. என்ற புரதத் தட்டில் ஏந்தித்தான் எதிர்ப்பணுக்களிடம் காட்டுகின்றன. அந்தத் தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருடைய தட்டில் தட்டம்மை வைரஸின் துண்டுகள் நன்றாகப் பொருந்தும், சிலருடையதில் சரியாக உட்காராது. அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் இரட்டையர்களிடம் நடத்திய ஆய்வு 2001ஆம் ஆண்டு வெளியானது. பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசிக்குப் பின் தட்டம்மை எதிர்ப்பொருளின் அளவில் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ 89 விழுக்காடு மரபுவழி வந்தது என்று அது கணக்கிட்டது. ரூபெல்லாவுக்கு இது 46, பொன்னுக்கு வீங்கிக்கு 39. ஒரே ஊசிக்குள் இருக்கும் மூன்று வைரஸ்களுக்கே மூன்று விதமாக நடந்துகொள்ளும் உடலை, ‘எதிர்ப்புச் சக்தி அதிகம்’, ‘குறைவு’ என்று ஒற்றைச் சொல்லில் அளந்துவிட முடியாது.

பதினாறாம் மாதம் முதல் இருபத்து நான்காம் மாதத்துக்குள் போடப்படும் இரண்டாவது எம்.ஆர். ஊசியைப் பலர் பழைய பாதுகாப்பை ஊட்டி வளர்ப்பது என்று நினைக்கிறார்கள். அதன் முதன்மையான வேலை வேறு. முதல் தவணையில் பலன் கிடைக்காத பதினைந்து பேருக்கு அது இரண்டாவது வாய்ப்பு. உங்கள் மகனுக்கு நோயே வந்துவிட்டதால் இனித் தட்டம்மை வராது. ஆனாலும் ரூபெல்லாவுக்காக அவனுக்கும், இரண்டுக்காகவும் மகளுக்கும், அந்த ஊசியைத் தவறாமல் போடுங்கள். தட்டம்மைக்குப் பிறகு கொடுக்க வேண்டிய வைட்டமின் ஏ மகனுக்குக் கொடுக்கப்பட்டதா என்பதையும் மருத்துவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊசி போட்ட பின் காய்ச்சல் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று பொருளா? என் பேத்திக்குக் காய்ச்சலே வரவில்லை. (வாசகர், காரைக்குடி)

பதில்: இல்லை ஐயா. எம்.ஆர். ஊசிக்குப் பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவதில்லை. அவர்களிலும் பெரும்பாலோருக்கு எதிர்ப்பாற்றல் நன்றாகவே உண்டாகிறது. வருகிறவர்களுக்கு அது அன்று இரவே வருவதில்லை. வைரஸ் பெருக நாளாகும் என்பதால் ஆறாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வரும். மிகச் சில குழந்தைகளுக்கு அந்தக் காய்ச்சலோடு வலிப்பும் வரலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் தானாக நின்று, பின்விளைவு எதுவும் வைக்காமல் போய்விடும். 2014இல் வெளியான டென்மார்க் நாட்டு மரபணு ஆய்வு ஒன்று, தடுப்பூசியை ஒட்டி வரும் இந்த வலிப்போடு குறிப்பாகத் தொடர்புடைய இரண்டு மரபணுப் பகுதிகளைக் கண்டறிந்தது. ஒன்று வைரஸ் நுழைந்ததும் உடல் எழுப்பும் முதல் எச்சரிக்கையைச் சார்ந்தது. மற்றொன்று, தடுப்பூசியில் உள்ள தட்டம்மை வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாசலைச் சார்ந்தது. யாருக்கு எந்த அளவு காய்ச்சல் என்பதிலும் பிறவி அமைப்புக்குப் பங்கு இருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. பேத்தியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து எத்தனை முறை கொடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. வெளிநாட்டில் மூன்று நான்கு முறையோடு முடித்துக்கொண்டார்களாமே? நமக்கு மட்டும் ஏன் அத்தனை முறை? (வாசகி, வேலூர்)

பதில்: இந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கியதே உங்கள் ஊரில்தான், அம்மா. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான், முறைப்படி மூன்று தவணை சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளுக்கும் போலியோ வருவதைக் கண்டார். வெயிலில் மருந்து கெட்டிருக்கும் என்பதுதான் அப்போது எல்லோருக்கும் தோன்றக்கூடிய விளக்கம். அவரோ வீரியம் குறையாத மருந்தையே கொடுத்துவிட்டுக் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார். அப்போதும் பலரிடம் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. 1972ஆம் ஆண்டு வெளியான அந்த முடிவை வெளியுலகம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு. பின்னாளில் வெப்பமண்டல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்று தவணைக்குப் பிறகு முதல் வகைப் போலியோவுக்கு 73 விழுக்காட்டினரிடமும், மூன்றாம் வகைக்கு 70 விழுக்காட்டினரிடமும்தான் எதிர்ப்பொருள் இருந்தது. அமெரிக்காவில் அதே மூன்று தவணை 95 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாத்தது. உத்தரப் பிரதேசத்தின் நிலை இன்னும் மோசம். அங்கு ஒரு தவணை முதல் வகைப் போலியோவிலிருந்து அளித்த பாதுகாப்பு 9 விழுக்காடுதான் என்று 2006இல் கணக்கிட்டார்கள்.

சொட்டு மருந்தும் உயிருள்ள வைரஸ்தான். அது முளைக்க வேண்டிய வயல் குடல். அந்த வயலில் வேறு குடல் வைரஸ்கள் ஏற்கெனவே குடியேறியிருந்தால் மருந்து வைரஸுக்கு இடம் கிடைப்பதில்லை. வயிற்றுப்போக்கு இருந்தால் தங்கிப் பெருக நேரமில்லை. சுகாதாரமற்ற சூழலில் ஓயாமல் கிருமிகளைச் சந்திக்கும் குடலின் உட்சுவரே மாறிப்போயிருக்கும். மருந்துக்குள்ளும் ஒரு போட்டி உண்டு. மூன்று வகையும் கலந்த பழைய மருந்தில் இரண்டாம் வகை வேகமாகப் பெருகி மற்ற இரண்டையும் ஒடுக்கிவிடும். இவை ஒரு தெருவுக்கு முழுவதும் பொதுவான காரணங்கள். ஆனால் அதே தெருவில் ஒரு குழந்தைக்கு முதல் தவணையிலேயே பலித்ததும், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு ஐந்தாம் தவணையிலும் பலிக்காததும் உண்டு. கிருமிகளைக் குறைத்தால் சரியாகிவிடுமா என்று வேலூரிலேயே சோதித்தார்கள். குழந்தைகளுக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தைக் கொடுத்துவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, குடலில் நோய்க்கிருமிகள் குறைந்தன, ஆனால் மருந்தின் பலன் கூடவில்லை. இவ்வளவு நுணுக்கமாகத் தேடியும் குடல் தன் முழு இரகசியத்தையும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே விதைப்பைப் பெருக்குவதே வழியாயிற்று. 1995இல் தொடங்கிய போலியோ முகாம்களில் இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்து அனுப்பப்பட்ட குழந்தைகளில், ஒவ்வொரு முறையும் இன்னும் சிலருக்குப் பலித்தது. 2005இல் ஒரே வகை வைரஸ் கொண்ட மருந்தும், 2010இல் முதல், மூன்றாம் வகைகள் மட்டும் கொண்ட மருந்தும் வந்தன. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்குக் கண்டதே இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ. இப்போது சொட்டு மருந்தோடு செயலிழக்கச் செய்த போலியோ வைரஸ் ஊசியும் போடுகிறோம். அது பெருக வேண்டிய தேவையே இல்லாததால் குடலின் நிலை அதைத் தடுக்காது. ஏற்கெனவே சொட்டு மருந்து பெற்ற குழந்தைக்கு அந்த ஊசி குடலின் எதிர்ப்பையும் கூட்டுகிறது என்று 2014இல் காட்டிய ஆய்வுகளில் ஒன்றும் வேலூரில் நடந்ததுதான். அத்தனை முறை குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற உங்களைப் போன்ற தாய்மாரால் முடிந்த காரியம் இது.

கேள்வி: எனக்கு வயது 63. வேலை நிமித்தம் கானா நாட்டுக்குப் போக வேண்டும். கிண்டி கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோய்க்காக என் மார்பில் உள்ள தைமஸ் சுரப்பியை அகற்றினார்கள். இப்போது நலமாக இருக்கிறேன். ஊசி போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், சென்னை)

பதில்: போட்டுக்கொள்ள வேண்டாம், ஐயா. அந்த அறுவைச் சிகிச்சை அறிக்கையோடு முதலில் மருத்துவரைப் பாருங்கள். இந்த இதழ் கையில் கிடைப்பதற்குள் தேதி வந்துவிடக் கூடாது என்பதால் தங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன்.

மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. இது ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசுவால் பரவும் கொடிய நோய். 1930களில் மாக்ஸ் தைலர் குழுவினர் உருவாக்கிய 17டி என்ற உயிருள்ள தடுப்பூசி மிகச் சிறந்தது; அதற்காக அவருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஊசி வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்று 2016 முதல் சான்றிதழும் அவ்வாறே ஏற்கப்படுகிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பாலி புலேந்திரன் என்ற ஆய்வாளரின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்ட முதல் வாரத்து இரத்தத்தில் விழித்தெழுந்த மரபணுக்களைப் பார்த்தே பின்னால் யாருக்கு எதிர்ப்பு வலுவாக அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. 2014இல் உகாண்டாவின் என்டபே நகரத்தாரையும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தாரையும் ஒப்பிட்டபோது, ஊசிக்கு முன்பே எதிர்ப்பணுக்கள் பரபரப்பாக இருந்த என்டபே மக்களிடம் பலன் குறைவாக இருந்தது. வேலூர்க் குடலில் கண்டதை நினைவூட்டும் செய்தி இது.

தங்களுக்குரிய அபாயம் மறு எல்லையில் இருக்கிறது. வைரஸ் நுழைந்த செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டு அண்டைச் செல்களை உஷார்ப்படுத்துகிறது. அவை கதவைச் சாத்திக்கொள்வதால் வைரஸின் பெருக்கம் முதல் சில நாட்களிலேயே கட்டுக்குள் வந்துவிடுகிறது. இந்தச் செய்தியைப் பெறும் வாங்கி பிறவியிலேயே பழுதான இருவரைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. அதுவரை நலமாக இருந்த அவர்களில் ஒருவருக்குத் தட்டம்மை ஊசியும் மற்றவருக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசியும் கடும் நோயை உண்டாக்கின. 2021இல் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குப் பின் கடுமையாகப் பாதிக்கப்பட்ட எட்டுப் பேரைச் சோதித்தபோது, மூவரின் உடல் தன் சொந்த இன்டர்ஃபெரானுக்கே எதிர்ப்பொருள் தயாரித்து அதை முடக்கியிருந்தது தெரிந்தது. எது தன்னுடையது, எது அந்நியம் என்று எதிர்ப்பணுக்களுக்குக் கற்பிக்கும் பள்ளிதான் தைமஸ். அதில் நோய் வந்தவர்களிடம் இத்தகைய தவறான எதிர்ப்பொருள்கள் அதிகம் காணப்படுகின்றன. தைமஸ் நோய் உள்ளவர்களும் அதை அகற்றிக்கொண்டவர்களும் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும் என்ற விதியோ இந்தக் கண்டுபிடிப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. ஊசி வைரஸ் உறுப்புகளைத் தாக்கிய நோயாளிகளில் தைமஸ் அகற்றப்பட்டவர்கள் எதிர்பாராத அளவில் இருப்பதை மருத்துவர்கள் கவனித்ததால் பிறந்த விதி அது. வயதும் ஒரு காரணம். இந்தப் பக்கவிளைவு பொதுவாக லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. 60 வயதைக் கடந்தவர்களிடம் லட்சத்துக்கு ஒன்று என்ற அளவை எட்டுகிறது.

ஊசி கூடாது என்று மருத்துவர் எழுதித் தரும் விலக்குச் சான்றுக்குப் பன்னாட்டுச் சுகாதார விதிகளில் இடம் உண்டு. ஆனால் அதை ஏற்பது அந்தந்த நாட்டின் விருப்பம். மேலும் விலக்குச் சான்று கொசுவைத் தடுக்காது. தங்கள் நிறுவனத்திடம் பேசி வேறொருவரை அனுப்பச் சொல்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எனக்கு ஆறாம் மாதம். என் உடன்பிறந்த தம்பிகள் இருவரும் எட்டு மாதத்துக்குள் இறந்துவிட்டார்கள். அக்காவின் முதல் பையனும் ஓயாத சளி, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு என்று ஐந்தாம் மாதத்தில் போய்விட்டான். பெண் குழந்தைகள் நன்றாக இருக்கிறார்கள். குடும்பச் சாபம் என்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சாபம் இல்லை, தாயே. தாய்வழியில் ஆண் குழந்தைகள் மட்டும் சின்னஞ்சிறு வயதில் தொற்றால் இறப்பது, எதிர்ப்பணுக்களே உருவாகாத ஒரு பிறவிக் குறையைச் சுட்டும் வலுவான அடையாளம். அந்தப் பழுது எக்ஸ் குரோமோசோமில் இருக்கும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று காப்பாற்றிவிடும். நீங்கள் அதைச் சுமப்பவரா என்பது இன்னும் தெரியாது. சுமந்தாலும் மகனுக்கு அது வர வாய்ப்பு பாதிதான். வராமலும் இருக்கலாம்.

ஒரே விதமான குறை என்றும் இதை எண்ணக் கூடாது. 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற மருத்துவர், எதிர்ப்பொருளே இல்லாத ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அத்தகைய சிறுவர்கள் தட்டம்மையிலிருந்து மற்றவர்களைப் போலவே மீள்கிறார்கள். ஆனால் போலியோ சொட்டு மருந்தின் வைரஸ் அவர்கள் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடக்கூடும். எதிர்ப்பணுக்களில் முக்கிய வகையான டி செல்கள் இல்லாத குழந்தைக்கோ உயிருள்ள எந்த மருந்தும் ஆபத்து.

நம் நாட்டில் குழந்தை பிறந்ததும், வீட்டுக்கு அனுப்பும் முன்பே, காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியும் முதல் போலியோ சொட்டும் கொடுத்துவிடுவார்கள். ஆறாம் வாரத்தில் ரோட்டா வைரஸ் மருந்து. மூன்றிலும் உயிருள்ள கிருமி இருக்கிறது (பி.சி.ஜி. மட்டும் வைரஸ் அல்ல, பாக்டீரியா). ஆகவே பிறந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். ஆண் குழந்தை என்றால் முதல் நாளே இரத்த அணுக்களைத் தனித்தனியாக எண்ணச் சொல்லுங்கள். ஒரு மைக்ரோலிட்டரில் லிம்போசைட் என்ற எதிர்ப்பணுக்கள் 2500க்குக் கீழ் இருந்தால் உடனே அடுத்த கட்டப் பரிசோதனைகள் தேவை. முடிவு வரும் வரை அந்த மூன்றையும் நிறுத்தி வைக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி போன்ற உயிரற்ற ஊசிகளுக்குத் தடையில்லை. வீட்டில் வேறு சிறு குழந்தை இருந்தால் அதற்கும் சொட்டு மருந்துக்குப் பதில் போலியோ ஊசி போடட்டும், ஏனென்றால் சொட்டு மருந்தின் வைரஸ் மலத்தின் வழியே வாரக்கணக்கில் வெளிவரும். எம்.ஆர். ஊசியை அந்தக் குழந்தைக்குத் தாராளமாகப் போடலாம். குறை உறுதியானாலும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இருக்கிறது. தொற்று எதுவும் வரும் முன், மூன்றரை மாத வயதுக்குள் செய்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். சென்னையிலும் வேலூரிலும் அதைச் செய்கிறார்கள்.

தம்பிகள் இருவர், அக்காள் மகன், மூவரும் எத்தனையாம் மாதத்தில், என்ன நோயோடு இறந்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, அடுத்த பரிசோதனையின்போதே மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். இன்னொரு தாளில் ‘மருத்துவர் பார்க்கும் வரை பி.சி.ஜி., சொட்டு மருந்து வேண்டாம்’ என்று எழுதித் தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பிரசவ வலியில் நீங்கள் பேச முடியாமல் இருக்கும்போது, உங்களோடு வரும் உங்கள் அம்மாவோ கணவரோ அதைச் செவிலியரிடம் காட்ட வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.